அதற்கு மட்டும் பெயர் சொல்லவில்லை

சுவா என்கிற அந்தப் பெண் மஸ்ராவில் வந்து இறங்கிய அன்றே, இவள் பேரீச்சம்பழம் திருடுவாள் என்று முடிவு கட்டிவிட்டேன். காரணம் எதுவும் கிடையாது. புதிதாக வருகிற எல்லோரையும் நான் அப்படித்தான் நினைப்பேன். நினைத்ததில் பாதி சரியாகவும் இருந்திருக்கிறது.

மஸ்ரா என்றால் தோட்டம். ஷார்ஜாவிலிருந்து தைத் போகிற ரோட்டில் இறங்கி, மணலுக்குள் கொஞ்ச தூரம் போனால் எங்கள் அர்பாபின், அதாவது அரபி முதலாளியின், மஸ்ரா. பேரீச்சை உண்டு, வேலியோரம் வேம்பு உண்டு, ஆட்டுக்கொட்டில் உண்டு. அதற்கு அப்பால் ஏசி போட்ட கூண்டுகள். அர்பாபுக்குப் பிராணிப் பைத்தியம். அடுத்தவனிடம் இல்லாத பிராணி தன்னிடம் இருக்க வேண்டும். அவை எங்கிருந்து, எப்படி வருகின்றன என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். தெரிந்தவனைத்தான் போலீஸ் முதலில் பிடிக்கும்.

தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. என் பெயர் குப்பமுத்து, ஊர் கமுதிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு சரி. எங்களுக்கு மேலே மேனேஜர் அஸ்கர் அலி, கீழக்கரைக்காரர். வயதில் என் மகன் மாதிரி, அதிகாரத்தில் மாமனார் மாதிரி.

சுவா பண்ணை வீட்டைத் துடைக்க வந்தவள். கண்ணும் மூக்கும் ஃபிலிப்பைன்காரி போல இருந்தன, நிறமும் முடியும் நம் ஆள் போல இருந்தன. எந்த ஊர் என்று கேட்டேன். மடகாஸ்கர் என்றாள். அப்படி ஒரு ஊர் கிடையாது, பொய் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்குள் பேச்சு பாதி அரபி, பாதி இந்தி, மிச்சம் கை ஜாடை. அதை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அவள் இவ்வளவு ஒழுங்காகப் பேசினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும்தான்.

ஒரு நாள் குப்பைக் கூடையோடு கூண்டுப் பக்கம் வந்தாள். வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட குரங்குகள் அங்கே இருந்தன. அர்பாப் அவற்றுக்கு சுல்தான், ராணி என்றெல்லாம் பெயர் எழுதிப் பலகை மாட்டியிருந்தார். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மாக்கி" என்றாள்.

"குரங்கு" என்றேன்.

"குரங்கு இல்ல. மாக்கி."

அடுத்த கூண்டில் செம்பட்டையாக இரண்டு இருந்தன. அது வாரிக்காவாம். அப்புறம் முள்ளை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு கிடக்கிற சின்னது. "சுக்கினா" என்றாள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

"ஏ புள்ள, இது முள்ளெலி. என்கிட்டயே சொல்றியா? எங்க ஊர்ல கக்குவான் இருமலுக்கு இதோட முள்ளைச் சுட்டுத் தேன்ல குழைச்சுக் குடுப்பாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஊரில் இதற்கு அண்ணன் மாதிரி இன்னொன்று உண்டாம், பெயர் ட்ராண்ட்ரக்கா. அதைப் பிடித்துக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றிக்கொள்வார்களாம். நாங்கள் மருந்துக்கு என்கிறோம், அவர்கள் ருசிக்கு என்கிறார்கள். யாரிடமும் அதற்குத் தப்ப வழியில்லை.

அதற்குப் பிறகு தினமும் வருவாள். எங்களிடம் இல்லாததற்கும் பெயர் சொல்லுவாள். பாபாகுட்டு என்று ஒன்று, காட்டில் உட்கார்ந்து பாடுமாம். பாபா என்றால் அவள் பாஷையில் அப்பா. மரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவனை அது முதுகில் தூக்கி இறக்கிவிட்டதாம். அதிலிருந்து அதை யாரும் அடிப்பதில்லையாம். குரங்கை அப்பா என்கிறாளே என்று சொல்ல வாயெடுத்தேன். நாம் அனுமாருக்கு வடைமாலை போடுவது ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். ஃபுசா என்று இன்னொன்று. அதன் பெயரைச் சொல்லும்போது மட்டும் மாக்கிக் கூண்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அது மாக்கியைத் தின்கிற பிராணியாம். பெயர் காதில் விழுந்தால் இதுகள் பயப்படுமாம்.

பேரீச்சம்பழம் எதுவும் திருட்டுப் போகவில்லை. இருந்தாலும் என் சமையல் எண்ணெய் டப்பாவை ரூமிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. அஸர் பாங்கு சொல்லி முடித்த நேரம். உள்ளே இருந்த பிராணியைப் புதிய அறைக்குள் மாற்றினோம். வெளிச்சம் ஆகாது என்று விற்றவன் சொன்னதால் அறைக்கு நீல பல்பு. பூனை அளவுதான் இருக்கும். கறுப்பு முடி, நரி வால், எலிப் பல், வௌவால் காது. கைதான் எதிலும் சேராதது. நடுவிரல் மட்டும் காய்ந்த ஈர்க்கு மாதிரி, சதையே இல்லாமல் நீளமாக இருந்தது. அந்த விரலால் கட்டையைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டது.

"குப்பமுத்தண்ணே, இதுவும் உங்க கூட்டாளி நாட்டுச் சரக்குதான்" என்றார் அஸ்கர் அலி. "வித்தவன் ஆளுக்கொரு பேர் சொல்றான். அந்தப் புள்ளைகிட்டக் கேளுங்க."

கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தாள். கம்பி வலை வரைக்கும் வந்து குனிந்தாள். அது வலை வழியாகக் கையை விட்டு அந்த ஒற்றை விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டியது. கையில் இருந்த வாளியைப் போட்டுவிட்டாள்.

"பேர் என்ன?" என்று அஸ்கர் அலி கேட்டார்.

"பேர் மாஃபி."

"பேர் இல்லாத பிராணி உண்டாம்மா?"

"மாஃபி. மாஃபி." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டே வெளியே போனாள். தண்ணீர் அறை முழுக்க ஓடியது. நான்தான் துடைத்தேன்.

மறுநாள் காலை ஆட்டுக்கொட்டிலுக்கு வந்து என்னிடம் சொன்னாள். அவள் ஊரில் அது கண்ணில் பட்டாலே சாவு வருமாம். யாரைப் பார்த்து அது விரல் நீட்டுகிறதோ அந்த ஆள் போய்விடுவாராம். அதற்குப் பெயர் உண்டு, ஆனால் சொல்லக் கூடாது. சொன்னால், கூப்பிட்டாயா என்று வரும். அந்தக் காதைப் பார்த்தவன் நான். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஊரிலும் அம்மை போட்டால் நோயின் பெயரைச் சொல்லமாட்டோம். ஆத்தா வந்திருக்கா என்போம்.

"அப்ப அதுக்கு என்ன பரிகாரம்?"

"கொல்லணும். வால்ல கட்டி, ரோடு பிரியுற இடத்துல கம்புல தொங்க விடணும். போற வர்ற வெளியூர்க்காரங்க அந்தச் சாவை எடுத்துட்டுப் போயிருவாங்க." என் கையைப் பிடித்தாள். "பாபா, நீ கொல்லு."

"நான் கொன்னா அர்பாப் என்னைத் தொங்க விட்டுருவான். எந்த வெளியூர்க்காரனும் எடுத்துட்டுப் போக மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டை விட்டாள். குப்பூஸ் ரொட்டியை வாங்கி அப்படியே ஆட்டுக்குப் போட்டாள். ராத்திரி தூங்குவதில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நாளில் தாடை எலும்பு தனியாகத் தெரிய ஆரம்பித்தது. பயத்தினாலேயே ஒரு ஆள் செத்துப்போக முடியும். நான் பார்த்திருக்கிறேன். அதற்கு விரல் நீட்ட வேண்டும் என்றுகூட இல்லை.

யாரிடமும் போய் எதையும் கேட்காதவன் நான். அன்றைக்கு அஸ்கர் அலியிடம் போனேன்.

"பாய், அந்தப் புள்ளைய டவுன் வீட்டுக்கு மாத்தி விடுங்க."

"ஏன், உங்களுக்கும் அதுக்கும் சண்டையா?"

"அந்தப் பிராணியைக் கண்டு சாகுது பாய். அது ஊருப் பிராணியாம். சாவு கொண்டாருமாம்."

"அப்ப அந்தப் பிராணியப் பத்தி அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். என்ன திங்கும், எப்ப முழிக்கும், அம்புட்டும் தெரியும். பேர் மட்டும் சொல்லாது."

அஸ்கர் அலி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! இதை இத்தனை நாளா ஏன் சொல்லல? அது தேங்காயைத் தொட மாட்டேங்குது, அர்பாப் போன் மேல போன் அடிக்கிறாரு. நாளையிலேருந்து அந்தப் புள்ளையே பாத்துக்கட்டும்."

"பாய், நான் சொன்னது வேற..."

"கலாஸ், முடிஞ்சுதுண்ணே. அர்பாப் வீட்டு மேடத்துகிட்ட நான் பேசிக்கிறேன்."

இப்படித்தான் இவளைக் கூண்டிலிருந்து விலக்கப் போனவன், கொண்டு போய்க் கூண்டுக்குள்ளேயே விட்டேன். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அஸ்கர் அலியே சொன்னார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தினமும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அறைக்குள் போவாள். தேங்காயையும் கரும்பையும் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவாள். வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நடுங்குவாள். தேங்காயை நானே வைக்கிறேன் என்று சொன்னேன். அறையில் காமிரா இருக்கிறது, மேடம் டவுனிலிருந்து போனில் பார்க்கிறாள் என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். மஸ்ராவில் நாங்கள் இரண்டு பேர்தான். வேப்பமரத்தடியில் கிடந்தாள். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று என் பெயருக்கு அர்த்தம் சொன்னேன்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னைக் கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். என் ஆத்தா அவளிடம் முறத்துத் தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கினாள். குப்பை என்று பெயர் வைத்தாள். எமன் வந்து, குழந்தை எங்கே என்று தேடினால், அங்கே குழந்தை இல்லை, குப்பைதான் இருக்கிறது. போய்விடுவான். இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அறுபத்தைந்து தாண்டி உயிரோடு இருக்கிறேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவர்கள் ஊரிலும் இது உண்டாம். அவள் தம்பி பெயர் ராம்புவா. ராம்புவா என்றால் நாய்.

"பாபா, எனக்கும் பண்ணு."

"உனக்கு என்ன, பச்சப் புள்ளையா?"

"அது சுவாவைப் பாத்துத்தான் விரல் நீட்டுச்சு. சுவா இல்லன்னா?"

நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறு என்ன கொடுத்திருப்பேன்? கொட்டிலுக்குப் பின்னால் எருக்குப்பை மலையாகக் கிடந்தது. அதில் போய்ப் படுத்தாள். கையைப் பிடித்துத் தூக்கினேன். ஆட்டுத் தவிட்டு மூட்டையிலிருந்து ஒரு முறம் அள்ளி வந்தேன். வாங்க வேண்டியது தாய். அவள் தாய் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கிறாள். ஆகவே தவிட்டை அவளே என் கையில் கொட்டி, அவளை அவளே வாங்கிக்கொண்டாள். குப்பை என்று பெயர் வைத்தேன். அர்த்தம் கேட்டாள். மேட்டைக் காட்டினேன். தலைமுடியில் ஆட்டுப் புழுக்கையோடு அப்படிச் சிரித்தாள்.

அன்று குப்பூஸ் தின்றாள். மீன்குழம்பும் கேட்டு வாங்கித் தின்றாள். மறுநாள் முகத்தை மூடாமல் அறைக்குப் போனாள். அது விரல் நீட்டினால் நீட்டிக்கொள்ளட்டும். அது தேடுகிற ஆள் அங்கே இல்லை. ஒரு வாரத்தில் முகத்தில் சதை வைத்தது. எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் சுவா என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதை நிறுத்திவிட்டாள். திரும்பினால் சுவா நான்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. வார லீவுக்கு மேடம் வந்தாள். மாடியிலிருந்து கத்தினாள். இவள் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். மேடம் இறங்கி வந்து முகத்துக்கு நேரே கத்தினாள். இவள் மேடத்தின் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"என்னண்ணே இது, செவிடாயிட்டாளா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று அஸ்கர் அலி என்னைக் கேட்டார்.

புதுப் பெயரை இவரிடம் சொல்லலாமா? சொன்னால் மஸ்ரா முழுக்கக் கேட்கிற மாதிரி அதைச் சொல்லிக் கத்துவார்கள். அதுவும் அந்த அறைக்குப் பக்கத்திலேயே. "எனக்குத் தெரியாது பாய்" என்றேன். நம்பிக்கை இல்லாதவன் பேசுகிற பேச்சா இது?

மேடம், இவளை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் போட்டுவிட்டாள். ருக்கையா என்று ஒரு அம்மா காரில் வந்தாள். இலங்கை, புத்தளத்துக்காரி. அவள் எத்தனை கேட்டும் இவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ருக்கையா என்னைக் கூப்பிட்டாள்.

"உங்களோடதான் கதைப்பாவாம். நீங்க சொல்லுங்க. பாஸ்போர்ட் என்ட கையில இருக்கு. ஆபீஸ்ல கேக்கிற நேரம், இந்தப் பேர் என்னோடதுதான் எண்டு ஒரு தரம் வாயால சொன்னாப் போதும். டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுவம்."

"சொல்லாட்டி?"

"தன்ட பேரே தெரியாத ஆளை யார் பிளேன்ல ஏத்துவான்? மூளை சரியில்ல எண்டு ஆஸ்பத்திரியில விடுறதுதான். அங்கால என்ட கையில ஒண்டும் இல்ல."

ஏஜென்சி பேச்சு. நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருந்து என்ன செய்ய? இவள் காருக்குப் பக்கத்தில் பையோடு நின்றாள். போய்ச் சொன்னேன்.

"ஒரே ஒரு தடவ சொல்லு தாயி. ஊருக்குப் போயிரலாம். ராம்புவாவப் பாக்கலாம்."

"அந்த அறையில அது உசுரோட இருக்குல்ல?"

"அது இங்க கிடக்கு. நீ ஆபீஸ்ல போய்ச் சொல்லப் போற. அம்புட்டுத் தூரம் அதுக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்கும். ஊருக்குப் போனாலும் வரும். வீட்டுல அம்மா இருக்கு, தம்பி இருக்கு."

எனக்கு அப்போது ஒரு பொய் தோன்றியது. "அது செத்துருச்சு. இன்னிக்குக் காலையில" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். நான் சொல்வதை இதுவரை யாரும் நம்பிப் பழக்கமில்லை. நானும் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பொய்யும் சரியாக வரவில்லை.

"எங்க தொங்குது?" என்றாள்.

"இரு. கொண்டாறேன்."

ருக்கையாவிடம் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். கொட்டிலில் மம்பட்டிக் கணை ஒன்று, இரும்பு கழன்ற வெறும் காம்பு, கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன். காமிரா இருந்தால் இருக்கட்டும், ஜெயில் என்றால் ஜெயில், இந்த வயதுக்கு மேல் என்ன என்றுதான் போனேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

நீல வெளிச்சத்தில் அது கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. பகலில் தூங்குகிற பிராணி, என்னவோ அன்றைக்கு முழித்திருந்தது. விரலால் கட்டையைத் தட்டியது. காதைச் சாய்த்துக் கேட்டது. உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்கிறதாம். அந்தக் கட்டை மரக்கடையில் வாங்கியது, மருந்தடித்துக் காய வைத்தது. அதில் புழு ஏது? அது நகர்ந்து உட்கார்ந்து மறுபடி தட்டியது. மறுபடி கேட்டது. இதுவும் பெட்டியில் வந்ததுதானே என்று தோன்றியது. கணையை ஓங்கினேன். தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. கை இறங்கவில்லை. பாவம் பார்த்தேனா, காமிராவுக்குப் பயந்தேனா, அந்த விரலுக்குப் பயந்தேனா என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெளியே வந்தேன். காருக்குள் உட்கார்ந்திருந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கணைதான் இருந்தது.

ருக்கையா முன்சீட்டிலிருந்து திரும்பி, "இந்தா, கடைசியாக் கேக்கிறன். உங்கட பேர் என்ன?" என்றாள். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் போய்விட்டது.

ருக்கையா போகும்போது நம்பர் கொடுத்திருந்தாள். தவறான நம்பராக இருக்கும் என்று நினைத்துத்தான் ஒரு மாதம் கழித்து அடித்தேன். எடுத்தாள்.

"நல்லா இருக்கா. நல்லாத் தின்னுறா, நல்லா உறங்குறா. டொக்டர்மாருக்கே ஆச்சரியம். பேர் மட்டும் கேக்கக் கூடாது. கேட்டா சுவரைப் பாத்துக்கொண்டு படுத்துடுவா."

"எப்ப விடுவாங்க?"

"பேர் சொல்ற அண்டைக்கு."

அவள் போனதும் அந்த அறை என் பொறுப்புக்கு வந்துவிட்டது. அஸ்கர் அலி போனில் தேடி அதன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்.

"பாய், இது எம்புட்டு நாளைக்கு உசுரோட இருக்கும்?"

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லாப் பாத்துக்கிட்டா இருவது வருஷம்கூட இருக்குமாம்ணே. அர்பாபுக்குச் சொன்னா சந்தோஷப்படுவாரு. நீங்க நல்லாப் பாத்துக்குங்க."

நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். கடையில் வாங்கிய கட்டையை எடுத்துவிட்டு, வேலியோரத்து வேம்பில் பட்டுப்போன கிளையை வெட்டிப் போட்டிருக்கிறேன். அதில் புழு இருக்கிறது.